பம்பரமும் பெண்கள் அறையும்

அந்தச் சலவை ஆலையில் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓரிடத்தில் நிற்க மாட்டாள். தூக்கத்திலும் அவள் கால் நடந்துகொண்டே இருக்கும், விடியும்போது கட்டில் வாசல் வரை போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவள் கணவரே சத்தியம் செய்வார்.

ஊர் ஆஸ்பத்திரிகளின் அழுக்கெல்லாம் வந்து வெளுக்கும் ஆலை அது. நீராவியில் ஷிப்ட் முடிவதற்குள் உடுத்தியதைப் பிழியலாம். முன்பெல்லாம் பெண்கள் துணி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்து உடை மாற்றினார்கள். மூட்டைக்கு மேல் ஓர் ஆண் தலை முளைக்கும். பம்பரம் எல்லோரையும் திரட்டி, மெஷின்களை நிறுத்தி, மேனேஜரிடமிருந்து பிடுங்கியதுதான் தாழ்ப்பாள் போட்ட பெண்கள் அறை. வாழ்நாளில் தான் செய்த உருப்படியான காரியம் அதுதான் என்பாள். பெற்ற பிள்ளைகளைக்கூட அதற்கு அடுத்துத்தான் சேர்ப்பாள்.

அந்த அறைக்குத்தான் இப்போது சோதனை. ஆலையில் வேன் ஓட்டிய நெட்டை, வேலையை விட்டுப் போய்ச் சில வருஷம் கழித்துப் பெண்ணாகத் திரும்பி வந்து இஸ்திரிப் பகுதியில் சேர்ந்தாள். அன்றும் நெட்டை, இன்றும் நெட்டை; அந்தப் பெயரில் மட்டும்தான் யாருக்கும் சண்டையில்லை. மற்றபடி ‘அவன்’ என்று ஒரு கட்சி, ‘அவள்’ என்று ஒரு கட்சி. பம்பரம் முதல் நாளே ‘அவள்’ என்றாள். நாக்கு தேய்ந்தா போய்விடும் என்று கேட்டாள். நெட்டை பெண்கள் அறைக் கதவைத் தட்டியபோது அதே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஆண்கள் அறையில் நெட்டையின் துணியைப் பிடித்து இழுத்து வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். பெண்கள் அறையிலோ துணிக்குக் கஞ்சி போடும் பெண், சின்ன வயதில் ஒருவனிடம் சிக்கிச் சீரழிந்து மீண்டவள். ஆணாய் வளர்ந்த உடம்பு பக்கத்தில் நின்றால் தன்னால் ஒரு ஹூக்கைக்கூட அவிழ்க்க முடியாது, நெட்டை மேல் கோபமில்லை, கை நடுங்குகிறது, அவ்வளவுதான் என்றாள். பம்பரத்துக்கு இருவர் பக்கமும் நியாயம் தெரிந்தது. அதுதான் தொல்லை. மேனேஜரோ, சாயங்காலத்துக்குள் பெண்கள் ஒரே பதிலாகச் சொல்லாவிட்டால் அறையைச் சோப்புக் கிடங்காக்கிவிடுவதாகச் சொல்லிவிட்டார். ரொம்ப நாளாக அவர் கண் அதன் மேல்தான்.

பகல் முழுக்கப் பம்பரம் மெஷினுக்கு மெஷின் சுற்றினாள். ஒருத்தி சேர்த்துக்கொள் என்றாள், அடுத்தவள் கூடாது என்றாள், மூன்றாமவள் இரண்டையும் சொன்னாள். கடைசியில் மேனேஜர் முன் போய் நின்றாள்.

“அறை இருக்கிறபடி இருக்கட்டும் சார். நெட்டைக்கு உங்க பாத்ரூம் சாவியைக் கொடுத்திடுங்க. நீங்க அதுல தலை மட்டும்தானே சீவுறீங்க? அந்த வேலையும் இப்ப குறைஞ்சு போச்சே.”

பின்னால் திரண்டு நின்ற பெண்களிடம் எழுந்த சிரிப்பில் மேனேஜர் மறுக்க வழியில்லாமல் சாவியை நீட்டினார். நெட்டை சிரிக்கவில்லை.

மறுநாள் பெரிய விரிப்புகள் வந்தன. ஒருத்தியால் மடிக்க முடியாது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து, விலகி இழுத்து, நெருங்கி வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். நெட்டையோடு ஜோடி சேர யாரும் வரவில்லை. அவளுக்காக வாதாடியவர்களும் தங்களுக்குள்ளேயே ஜோடி சேர்ந்துகொண்டு, சாவி வாங்கிக் கொடுத்த கோபத்தில் பம்பரத்தையும் ஒதுக்கிவிட்டார்கள். பம்பரம் போய் மறுமுனையைப் பிடித்தாள். பாத்ரூம் வசதியா என்று கேட்டு வைத்தாள்.

“வசதிக்கென்னக்கா, கண்ணாடிகூட இருக்கு.” நெட்டை வெடுக்கென்று இழுத்தாள். “பக்கத்து அறையில நீங்கல்லாம் சேர்ந்து சிரிக்கிறது சுவர் வழியா கேக்குது. நான் என்ன அவ்வளவு பயங்கரமாவா இருக்கேன்?”

பம்பரம் நெருங்கி வந்து மூலையைக் கொடுத்தாள். “நீ இல்லடி. அவ கை நடுங்குதே, அதை நான் எங்க கொண்டுபோய் வைக்க?”

“என் கை நடுங்கினா?”

பம்பரத்தின் கால் எங்காவது ஓடப் பரபரத்தது. முனையை விட்டால் வெளுத்த விரிப்பு ஈரத் தரையில் விழும்.

“நேரா பிடிங்கக்கா, கோணுது,” என்றாள் நெட்டை.