கண்ணாடியோடு போன முகம்

திருவள்ளூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து, கிழிசலையும் பூஞ்சைக் கறையையும் கம்ப்யூட்டரில் சரிசெய்வது என் வேலை. பிளைவுட்டால் தடுத்த அறை, ஜன்னல் கிடையாது. காலையில் கடம்பத்தூரில் ரயிலேறி வந்து அதற்குள் நுழைந்தால், வெளியே வெயிலா மழையா என்பது சாயங்காலம்தான் தெரியும்.

ஒருநாள் காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை செய்கிற ஒருவர் வந்தார். தன் அம்மாவின் போட்டோவை நீட்டினார். நெற்றியும் கண்களும் இருந்தன. மூக்குக்குக் கீழே வெறும் வெள்ளை.

“பரண் மேல பெட்டில கெடச்சுது மா. கண்ணாடியோட ஒட்டிக்கினு இருந்துச்சு. நான்தான் அவசரப்பட்டுப் பிச்சிட்டேன். வேற போட்டோ இல்ல. தங்கச்சிக்கு அடுத்த மாசம் கல்யாணம். அது கைக்கொழந்தையா இருக்கசொல்ல அம்மா செத்துப் பூட்டாங்க. மூஞ்சியே பாத்தது இல்ல.”

“வாய் எப்படி இருக்கும்னு ஞாபகம் இருக்கா அண்ணா?”

“எனக்கே அப்போ அஞ்சு வயசு. கேக்கலாம்னா அப்பாவும் இல்ல.” கொஞ்சம் யோசித்துவிட்டு, பர்ஸிலிருந்து தங்கையின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்தார். “அம்மா பெத்த பொண்ணுதான? இதுலேர்ந்து எடுத்து வெச்சிடு.”

வைத்தேன். மூன்று நாள் உழைத்தேன். ஒட்டுப்போட்டதே தெரியாமல் பொருந்தியதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

வாங்கிப்போக வந்தபோது தங்கையையும் கூட்டிவந்தார். அந்தப் பெண் படத்தைப் பார்த்ததும் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணா, எல்லாரும் என்னைய அப்பா ஜாடைன்னாங்களே. நான் அப்டியே அம்மா மாதிரி கீறேன்!”

அவள் முதுகுக்குப் பின்னால் நின்ற அண்ணன் என்னைப் பார்த்து, சொல்லாதே என்பதுபோலத் தலையசைத்தார். நான் சிரித்து வைத்தேன்.

அதன்பின் அவள் வந்துகொண்டே இருந்தாள். புகுந்த வீட்டுக்கு ஒரு பிரதி, பர்ஸில் வைக்க ஒன்று, மாசமாக இருந்தபோது பெரிய அளவில் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் என் அறைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, படத்தைத் திரையில் பெரிதாக்கச் சொல்வாள். “நீங்க இல்லன்னா எனக்கு அம்மாவே கெடச்சிருக்க மாட்டாங்க கா.” வெளியே அவள் குரல் கேட்டாலே எழுந்து போய்விடப் பார்ப்பேன். இருப்பதோ ஒரே கதவு. அதில் அவள்தான் நிற்பாள். முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன். “அந்தப் பொண்ணு சந்தோசமா கீது. நீ இன்னாத்துக்கு வாயத் தொறக்கற?” என்றார்.

இரண்டு வருடம் போனது. ஒரு மத்தியானம் கைக்குழந்தையோடு வந்தாள்.

“அக்கா, பெரியம்மா ரொம்ப வருசம் கழிச்சு வந்திருந்தாங்க. அம்மாக்குத் தெத்துப்பல்லாம். கொஞ்சம் சிரிக்கிற மாதிரி செஞ்சி, அந்தப் பல்ல வெக்க முடியுமா?”

மவுஸில் கை வைத்தேன். அவளுடைய உதட்டையே திறந்து, நான் பார்த்தேயிராத ஒரு பல்லை வரைய வேண்டும். கையை எடுத்துவிட்டேன்.

“அந்த வாய் உன்னோடதும்மா,” என்றேன். எல்லாவற்றையும் சொல்லி, முதலில் எடுத்த ஸ்கேனைத் திறந்து காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தாள். குழந்தை திரையைத் தொடக் கை நீட்டியது. அவள் அதைத் தடுக்கக்கூட இல்லை.

“இவ்ளோதானா கா எங்கம்மா?”

பிறகு, “இதையே பிரின்ட் போட்டுக் குடுங்க,” என்றாள். கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுவாரம் அண்ணன் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

“நல்லா இருந்தவள அழ வெச்சிட்டியே மா. அந்தப் பாதி மூஞ்சியத்தான் செவுத்துல மாட்டிக்கினு கீறா. நீ செஞ்சதெல்லாம் எங்கிட்டயே குடுத்துட்டா.” கையிலிருந்த பையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஃபிரேம் போட்ட படம். “அம்மான்னு இத்தினி நாளு வெளக்கு ஏத்திக் கும்ட்டது. தூக்கிப் போட முடியுமா? ஊட்ல மாட்டுனா தங்கச்சி வரசொல்ல கண்ல படும். இத நான் இன்னா பண்றது, சொல்லு.”

தெரியவில்லை என்றே சொன்னேன். அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.