தவிட்டுப் பானை அற்புதம்

மாமாவை ஆண்டவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை ஏழு வயதில் நானாகவே ஏற்றுக்கொண்டேன். அறுபதுகளின் கடைசி அது. அம்மாவின் தம்பியான மாமா, புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் ஃபிட்டர்; காலையில் ஆலையைத் திறப்பதும் அவர்தான். அத்தை இறந்தபிறகு எங்கள் வீட்டில்தான் இருந்தார். கோயிலுக்கு மட்டும் வரமாட்டார். ஜெபம் செய்து மழை பெய்தால், ஐப்பசியில் பெய்யாமல் சித்திரையிலா பெய்யும் என்பார். அம்மாவின் காய்ச்சல் இறங்கினால் மாத்திரைக்கு நன்றி சொல்லச் சொல்வார். நம்பாதவர்களுக்கு நரகம் என்று ஞாயிறு வகுப்பில் சிஸ்டர் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே மாமாவுக்கு யார் வெற்றிலை மடித்துக் கொடுப்பார்கள்?

சந்தேகப்பட்ட சீடர் தோமையார் இயேசுவின் காயத்தைப் பார்த்ததும் நம்பினாரே, மாமாவுக்கும் ஒரு சாட்சியைக் காட்டினால் போயிற்று என்று தோன்றியது. ஒரு செவ்வாய்க்கிழமை அவர் குளிக்கப் போன நேரம், ஆலைச் சாவியை எடுத்துத் தவிட்டுப் பானைக்குள் புதைத்தேன். காணாமல் போனதைக் கண்டெடுத்துக் கொடுப்பவர் அந்தோணியார். அவரை வேண்டிவிட்டு நானே எடுத்துக் கொடுப்பதாகத் திட்டம்.

மாமா வீட்டைப் புரட்டினார். நான் கண்ணை மூடி வேண்டிக்கொண்டு பானைக்குள் கையை விட்டேன். சாவி இல்லை. பானை பாதியாகக் குறைந்திருந்தது. அம்மா மாட்டுக்குத் தவிடு கலக்கிவிட்டாள்! கழனித் தொட்டியில் தலையை விட்டு மாடு உறிஞ்சிக்கொண்டிருந்தது. சாவி அதன் வயிற்றுக்குள் போயாயிற்று என்று முடிவுகட்டினேன்.

அதற்குள் ஆலையிலிருந்து சைக்கிளில் ஆள் வந்துவிட்டான். நெல் லாரிகள் வாசலில் நிற்கின்றனவாம். அரைமணிக்குள் கதவைத் திறக்காவிட்டால் இனி வேலைக்கே வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். இந்தத் தடவை நிஜமாகவே ஜெபித்தேன். மாமாவுக்கு வேலை போகக்கூடாது, மாடும் சாகக்கூடாது என்று இரண்டையும் சேர்த்தே கேட்டேன்.

மாமா என் முழங்கைவரை ஒட்டியிருந்த தவிட்டைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். நேரே போய்க் கழனித் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டார். கை சாவியோடு வெளியே வந்தது. அப்பாடா! போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. அம்மா அந்தோணியாரே என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இப்பவாச்சும் நம்புறீகளா மாமா?" என்று கேட்டேன். என்ன துணிச்சல் எனக்கு!

அவர் என் கையிலிருந்த தவிட்டைத் தட்டிவிட்டபடி, அம்மாவுக்குக் கேட்காமல் சொன்னார். "சாட்சியெல்லாம் நெறையாப் பார்த்துட்டேன் தாயி. ஒங்கத்தை பிரசவத்துல கெடந்தப்ப விடிய விடிய முட்டிபோட்டுக் கேட்டேன். சாவிக்கு எறங்குற மனசு அன்னைக்கு எங்குட்டுப் போச்சு?"

சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். அம்மாவிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த நிம்மதியில் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன். அவர் சொன்னது என் காதில் ஏறவேயில்லை.

எங்கள் பக்கம் சொந்தக்காரர்கள் முறைத்துக்கொண்டால் வருஷக்கணக்கில் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கமாட்டார்கள். மாமா கோயிலுக்கு வராததும் ஆண்டவரோடு அப்படியொரு மனத்தாங்கல்தான். இல்லாத ஒருவரிடம் யாராலும் அத்தனை வருஷம் கோபித்துக்கொண்டிருக்க முடியாது என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.