பச்சைக் காரின் இருமல்

பொகவந்தலாவையில் சூசைரட்ணத்தைத் தெரியாதவர்கள் குறைவு. அவரோடு பேசிப் பழகியவர்கள் அதைவிடக் குறைவு. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் அவர் பிட்டர். இயந்திரம் ஏதாவது சண்டித்தனம் செய்தால், நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை அதன்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்பார். கேட்டு முடிந்ததும் "பேரிங்" என்றோ "பெல்ட்" என்றோ ஒரு சொல் சொல்வார். அன்றைய பேச்சு அநேகமாக அதோடு முடிந்துவிடும்.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் அவர் வேறு மனிதர். ஏப்ரலில் நுவரெலியாவில் மலையேறும் கார்ப் பந்தயம் நடக்கும் நாள் அது. லீவு போட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், மூன்றாவது வளைவுக்கு மேலே தேயிலைச் சரிவில் நிற்பார். கார் வரும் சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்கொள்வார். லோட்டஸ் வந்தால் தேனீக் கூட்டத்தைத் தகரப் பெட்டிக்குள் அடைத்தது போலிருக்கும். ஜாகுவார் அப்படியல்ல. தொண்டைக்குள்ளேயே பேசும் பெரிய மனிதரைப்போல வந்து, வளைவு முடிந்த பிறகுதான் குரலை உயர்த்தும். ஆனால் அவருக்கு அதிகம் பிடித்தவை கொழும்புக்காரர்கள் தாங்களே மாற்றியமைத்த கார்கள். எழுபதுகளின் நடுவில் புதுக் கார் நாட்டுக்குள் வருவதில்லை. அதனால் இருப்பதையே அறுத்து ஒட்டினார்கள். கூரை வெட்டிய மினி, ஸ்பிரிங்கைக் குறுக்கித் தரையோடு தரையாக்கிய ஒஸ்டின், ஒரு காரின் உடம்பில் இன்னொரு காரின் என்ஜின். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவன் பல நாள் குனிந்து கிடந்திருக்கிறான் என்பது அவருக்குச் சத்தத்திலேயே தெரியும்.

பந்தயம் தொடங்கும் கோட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு காருக்குப் பக்கத்திலும் அதன் மெக்கானிக் நிற்பான். கடைசி நிமிஷத்தில் பானட்டின்மேல் கையை வைத்து, என்ஜினைக் கேட்டு, தலையசைப்பான். அதற்குப் பிறகுதான் ஓட்டுபவர் கொடியைப் பார்ப்பார். அந்த இடத்தில் ஒரே ஒரு முறை நிற்க வேண்டும் என்பது சூசைரட்ணத்தின் ஆசை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் யாருமில்லை.

தங்கை மார்கிரட் இருந்தவரைக்கும் அவளிடம் கொஞ்சம் பேசுவார். எழுபத்தாறில், இரண்டு நாட்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி, அவளுக்கும் புருஷனுக்கும் இந்தியாவுக்குப் போகச் சீட்டு வந்துவிட்டது. அண்ணனுக்கு இங்கேயே பிரஜாவுரிமை. ஹட்டன் ஸ்டேசனில் ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பினார். மலையை விட்டு ஹட்டனுக்குக் கீழே அவர் எந்த ஊருக்கும் போனதில்லை.

அதற்கு முந்திய வருடம் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, வெள்ளைக்காரத் துரை பங்களாச் சாமான்களை விற்றுவிட்டு இங்கிலாந்து போயிருந்தார். நாற்காலி, மேசையோடு சேர்த்து ஒரு பச்சை எம்.ஜி. காரையும் கடைத்தெரு ராமநாதன் முதலாளி வாங்கிப் போட்டார். இரண்டே பேர் உட்காரும் கார். துரை அதற்குப் பந்தயக் கார்களுக்குரிய இரட்டைக் காபுரேட்டர் பூட்டியிருந்தார். ஆனால் அதைச் சரிப்படுத்தாமலே போய்விட்டார். கார் ஓடவில்லை. கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் கிடந்தது.

"வண்டிய நா பாக்கலாங்களா முதலாளி?" என்று சூசைரட்ணம் ஒரு நாள் கேட்டார்.

"பாருங்க, பாருங்க. எலி கூடு கட்டியிருக்கும். அதுகளுக்கும் சேத்து ஓட்டக் கத்துக் குடுங்க" என்றார் முதலாளி.

நாலு வருடம், ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் நேராகக் கொட்டகைக்கு. கிடைக்காத சாமானைத் தானே செய்தார். எண்ணெய்த் தொட்டிக்கான கேஸ்கட்டைத் தொழிற்சாலையின் பழைய தோல் பெல்ட்டில் வெட்டினார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீட்டு நாகலெட்சுமிக்கு இது தீராத வேடிக்கை.

"என்னாண்ணே, பச்சச் சீலக்காரி வீட்டுக்கா கெளம்பிட்டீங்க? இன்னிக்காச்சும் வாயத் தொறந்து பேசுவாளா?"

"பேசுவா, பேசுவா."

"நாலு வருசமா இதத்தான் சொல்றீங்க. எங்கூட்டு மனுசன் என்னையப் பாக்க நாலு நாளுகூட அலையல!"

மார்கிரட்டுக்கு எழுதும் கடிதத்திலும் காரைப் பற்றித்தான் எழுதுவார். கோத்தகிரியிலிருந்து அவள் பதில் போடுவாள். பிள்ளைகள் சுகம், குளிர் இங்கேயும் உண்டு, நீங்கள் ஒரு கலியாணம் செய்துகொள்ளுங்கள். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'காருக்குச் சொகமாண்ணே?' அவளுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. சுகம் விசாரிக்க அண்ணன் பக்கத்தில் வேறு ஆளில்லை என்று தெரியும்.

என்ஜின் உயிர் பெற்றபோதும் கார் இருமியது. கறுப்புப் புகை கக்கியது. மலையில் காற்று மெலிசு; அந்தக் காற்றுக்கு இந்த அளவு பெற்றோல் அதிகம் என்று புரிந்துகொண்டார். காபுரேட்டருக்குள் பெற்றோலை அளந்துவிடும் பித்தளைத் துண்டுகளுக்கு ஜெட் என்று பெயர். நடுவில் ஊசி நுழையும் அளவில் துளை இருக்கும். பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்த இன்னொரு சோடியின் துளைகளை ஈயம் வைத்து அடைத்து, மணிக்கூடு திருத்துபவரிடம் இரவல் வாங்கிய ஊசியால் கொஞ்சம் சிறிதாகத் துளைத்தார். பூட்டுவார், கேட்பார், கழற்றுவார். பதினொரு ஞாயிறுகள். காரோடு வந்த பழைய ஜெட்டுகளைத் தைல டப்பாவுக்குள் போட்டு வைத்தார்.

எண்பதாம் வருடம் நவம்பரில் இருமல் நின்றது. முதலாளி பக்கத்தில் உட்கார, நோர்வூட் வரை ஓட்டிப் போய்த் திரும்பினார். ஏற்றத்தில் மிதித்ததும் கார் மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டு ஏறியது. "மெதுவாய்யா, எனக்குப் புள்ளகுட்டி இருக்கு!" என்று முதலாளி கத்தியது அவர் காதில் விழவில்லை.

தைமாதம் கொழும்பிலிருந்து எக்கநாயக்க என்பவர் வந்தார். பந்தயத்தில் ஓடுகிறவர். பானட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். ஒரு சுற்று ஓட்டினார். இறங்கி வந்து சிங்களத்தில், "இதைச் செய்தது யார்?" என்று கேட்டார். முதலாளி கையைக் காட்டினார்.

"ஏப்ரலில் இந்தக் காரை நான் பந்தயத்துக்குக் கொண்டு வருவேன். நீங்கள் என்னோடு கோட்டில் நிற்க வேண்டும்."

சூசைரட்ணத்துக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் அந்த நிமிஷத்தில் மறந்துபோனது. தலையை மட்டும் ஆட்டினார். எக்கநாயக்க முதலாளியிடம் விலையை எண்ணிக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கார் கடைத்தெரு வளைவில் மறைந்த பிறகும், அதன் சத்தம் எந்த இடத்தில் எந்தக் கியருக்கு மாறுகிறது என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

நாலு நாள் கழித்து முதலாளி ஆளனுப்பிக் கூப்பிட்டார். மலையிலிருந்து இறங்கி, அவிசாவளை தாண்டி நேர்ப் பாதையில் வேகமாகப் போனபோது என்ஜின் நின்றுவிட்டதாம். பிஸ்டன் உருகி ஓட்டை விழுந்திருக்கிறதாம்.

"பயப்படாதீங்க. பழைய பிஸ்டன், அதான் போச்சுன்னு கொழும்பு கராஜ்ல சொல்லிட்டாங்களாம். புதுசு சீமையிலருந்து வருதாம். ஏப்ரலுக்கு நீங்க கட்டாயம் வரணும்னு சொன்னாரு."

பிஸ்டன் பழையதுதான். ஆனால் அதைக் கையில் வைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் அவர். அதில் கீறல்கூட இருக்கவில்லை. நெஞ்சில் ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது. ஏப்ரல் என்ற சொல் அதை மூடி வைத்தது. புதுச் சட்டைக்குத் துணி எடுத்துத் தையல் கடையில் கொடுத்தார்.

மார்ச்சில் ஒரு நாள் வறண்ட காற்று பலமாக வீசியது. தொழிற்சாலையில் தேயிலை காயவைக்கும் அடுப்பைப் பார்ப்பவன் அழகன். காற்றுக் கதவைக் குறைக்க மறந்துவிட்டான். அடுப்பு வெள்ளை வெள்ளையாய் எரிந்து, ஒரு தட்டுத் தேயிலை கருகிவிட்டது. தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் சத்தம் போட்டார்.

"வெறகு அதே வெறகுதாங்கய்யா," என்றான் அழகன். "காத்துதான் கூடிப்போச்சு."

சூசைரட்ணம் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். மலையின் மெலிந்த காற்றுக்கு அளந்த பெற்றோல். கீழே போகப் போகக் காற்று தடிக்கும். துளை மட்டும் அதே துளை. பெற்றோல் போதாமல், காற்று கூடி, அடுப்பைப்போல் எரிந்திருக்கிறது. வாழ்நாளில் ஒரு தடவை கீழே இறங்கியிருந்தால் இது தோன்றியிருக்கும். பழைய ஜெட்டுகளைக் காரோடு கொடுத்திருப்பார். இப்போது புதுப் பிஸ்டனைப் போட்டு அதே ஜெட்டோடு ஓட்டினால் அதுவும் உருகும்.

வேலை முடிந்ததும் கடைக்குப் போய், கொழும்புக்கு டெலிபோன் எடுத்துத் தரச் சொன்னார். விஷயத்தைக் கேட்டதும் முதலாளி டெலிபோனின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"ஒங்கள யாராச்சும் கேட்டாங்களாய்யா? அவங்களே பழசுன்னு சொல்லிட்டாங்க. ஒரு கார்டு எழுதி, ஜெட்ட மாத்துங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"ஏன் மாத்தணும்னு கேப்பாருங்களே."

"எதாச்சும் சொல்லுங்க."

"என்னா சொல்றது? ஒண்ணும் தோணலியே முதலாளி."

முதலாளி கையை எடுத்தார்.

லைன் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆனது. சூசைரட்ணம் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னார். பிழை பிஸ்டனில் இல்லை மாத்தயா, என்னில்.

"நீங்கள் கொழும்புக்கு வந்ததே இல்லையா?" என்று எக்கநாயக்க கேட்டார்.

"இல்லை மாத்தயா. மலையடிவாரத்துக் கித்துல்கலைக்குக்கூட வந்ததில்லை."

"பழைய ஜெட்டுகள் இருக்கின்றனவா?"

"பத்திரமாக இருக்கின்றன."

"அனுப்புங்கள்."

அவ்வளவுதான். மறுநாள் தைல டப்பாவைத் துணியில் தைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினார். கிடைத்தது என்று ஒரு வரியும் வரவில்லை. ஏப்ரல் வந்தது. யாரும் கூப்பிடவில்லை.

புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் போனார். தொடங்கும் கோட்டுப் பக்கம் போகவில்லை. மூன்றாவது வளைவுக்கு மேலே, வழக்கமான இடத்தில் நின்றார். பக்கத்தில் குடும்பம் குடும்பமாக ஆட்கள் கச்சான் கடலை தின்றுகொண்டு இருந்தார்கள். ஏழாவதாக வந்த சத்தத்துக்குக் கண்ணை மூட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கீழ்நாட்டு ஜெட்டோடு மலையேறுகிற கார். கறுப்புப் புகை விட்டுக்கொண்டு, மூச்சிரைத்து, வளைவில் இரண்டு முறை இருமி, மெல்லப் பிடித்துக்கொண்டு ஏறியது. அந்தச் சின்னத் துளை ஜெட்டுகளை இந்த ஒரு மலைக்கு மட்டும் பூட்டியிருந்தால் போதும். மாற்றுவதற்குப் பத்து நிமிஷம். கோட்டில் நின்றது யாரோ கொழும்புப் பையனாக இருக்கும். அவனுக்கு இது தெரியாது.

"என்னா இது, தேயில லொறி மாதிரி போகுது!" என்று யாரோ சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. உச்சியில் சத்தம் நிற்கும்வரை கேட்டார். கார் வழியில் நிற்கவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டது. கடைசிக் கார் போய், ஆட்கள் கலைந்து, சரிவில் கச்சான் தோல் மட்டும் கிடந்தபோது பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போவதற்குக் கொட்டகை இல்லை. வீட்டில் உட்கார்ந்து கோத்தகிரிக்குக் கடிதம் எழுதினார்.

'அன்புள்ள மார்கிரட், காருக்குச் சொகம். கொஞ்சம் இருமல் இருக்கு. கீழ இருந்து மலைக்கு வந்தா அப்படித்தான். ஓடுது.'