அத்தை அழப் போன இடம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று சின்னமனூரில் என் ரைஸ் மில் சங்கு ஊதினால்தான் பாதி ஊர் எழுந்திருக்கிறது. இந்த மண்டை சிறு வயதிலேயே நன்றாக வேலை செய்தது என்பதற்கு அத்தை கதை ஒன்றே போதும்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். தாலியறுத்து மார்க்கையன்கோட்டையில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். நான் பிறந்த வாரமே அம்மா போய்விட்டதால் என்னை வளர்த்ததும் அவள்தான். சுற்றுப்பட்டில் சாவு விழுந்தால் முதலில் அத்தைக்குத்தான் ஆள் வரும். அவள் மாரடித்து ஒப்பாரி எடுத்தால் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியும் துண்டை வாயில் பொத்துவான்.

அந்த மாரில்தான் கட்டி வந்தது. வெள்ளைக்காரன் காலம். அப்பா மதுரைக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். புற்று முற்றிவிட்டது, இனிக் கத்தி வைக்க முடியாது, ஐப்பசி மழையைப் பார்த்தால் பெரிது, மனசு நோகாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். அப்பா கடைசிச் சொல்லை மட்டும் மருந்தாக எடுத்துக்கொண்டார்.

"ஏலே, இனி இந்த வீட்ல ஒரு பய அழக்கூடாது. அக்கா எழவு வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. சிரிச்சாக் கட்டி கரைஞ்சிரும்னு டாக்டரே சொல்லிட்டாக."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. மதுரைக்கு நானும் போய்ப் பக்கத்தில் நின்றதால் எனக்குத் தெரியும்.

வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்திருந்த கோமாளியைப் பிடித்துவந்து முற்றத்தில் ஆடவிட்டார். அவன் பொய் வயிறு கட்டிக்கொண்டு குட்டிக்கரணம் போட்டான். அத்தை சுவரில் சாய்ந்து பார்த்தாள்.

"இவனுக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்தி அனுப்புங்கடா. பாவம், மூச்சு வாங்குது."

அவள் கஞ்சியைத் தொடவில்லை. சோறு இறங்காமல் ஆள் துரும்பாகிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் அப்பா வயலுக்குப் போன நேரம், ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கிழவர் செத்த சேதி வந்தது. "வாடா மருமகனே, துணைக்கு" என்று கிளம்பினாள்.

"அப்பா வைவாக, அத்தை."

"வஞ்சா சிரிச்சுக்கிறேன். அதைத்தானே உங்கப்பனும் கேக்குறான்."

பேரன் பேத்தி எடுத்த கல்யாணச் சாவு. பெண்கள் பேருக்கு அழுதுகொண்டிருந்தார்கள். அத்தை மாரடிக்க முடியாமல் தரையில் அடித்து அழுதாள். பாடை கிளம்பும்வரை ஓயவில்லை. திரும்பும்போது ஆற்றில் முங்கி எழுந்து, வீட்டுக்கு வந்து, வட்டில் நிறையச் சோறும் கருவாட்டுக் குழம்பும் வாங்கித் தின்றாள்.

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியாலே, கோமாளி வேலை செஞ்சிருச்சு!"

நான் மூச்சு விடவில்லை. இந்த வாய்க்கட்டுதான் பின்னாளில் என்னை முதலாளியாக்கியது. அப்புறம் எங்கே சாவு விழுந்தாலும், வைத்தியர் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு நானும் அத்தையும் போனோம். ஐப்பசியைத் தாண்டி, அடுத்த வீரபாண்டித் திருவிழாவையும் பார்த்துவிட்டுத்தான் அத்தை போனாள். சிரிப்புதான் இழுத்துப் பிடித்தது என்று அப்பா சாகும்வரை சொன்னார். அழுகையா, ஆயுசே அவ்வளவா, எனக்குத் தெரியாது. நான் டாக்டர் இல்லை.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அந்த முதல் நாள், ஆற்றங்கரையில் ஈரச் சேலையோடு நின்ற அத்தையை மடக்கினேன். கிழவரின் தலைமாட்டில் உட்கார்ந்து, "தாயில்லாப் பிள்ளையத் தவிக்க விட்டுப் போறேனே" என்று அவள் திரும்பத் திரும்பப் பாடியிருந்தாள்.

"அந்தத் தாத்தாவுக்கு ஏது அத்தை தாயில்லாப் பிள்ளை? அங்கன எல்லாம் மீசை வச்ச ஆளுகல்ல நின்னாக? செத்துப் போனதும் அவுகதானே, நீ எதுக்குப் போறேன்னு பாடுற? பாட்டு மாறிப்போச்சு."

அத்தை முந்தானையைப் பிழிந்தாள். "ஆமாடா, மாறித்தான் போச்சு" என்றாள்.

சுற்றுப்பட்டே மெச்சிய ஒப்பாரியில் தப்புக் கண்டுபிடித்தவன் நான் ஒருத்தன்தான் என்று வெகுநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.