குட்டன் வெடி

குண்டு பட்டதும் அது கத்தவில்லை; தொண்டை அடைத்த பெரிய உயிர் ஒன்று கடைசியாக மூச்சுவிடப் பார்ப்பதுபோல 'களுக், களுக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. விடியற்காலைப் பனியில், தென்னைகளுக்கு நடுவே, புல்லுக்கு மேலே கறுத்துக் கொழுத்த முதுகு மட்டும் தெரிய நின்ற அதை நோக்கி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். கால் நனைந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். நல்ல தண்ணீர். பக்கத்துத் தோட்டத்துக்காரர் உரம் கரைப்பதற்காக முந்தின நாள் வாங்கிவந்து நிறைத்து வைத்திருந்த பிளாஸ்டிக் தொட்டி அது. காட்டுப்பன்றியைச் சுடப் பஞ்சாயத்தின் அனுமதி பெற்ற துப்பாக்கிக்காரர்களில் ஒருவனாகிய நான், ஐம்பத்திரண்டு வயதில், வாழ்க்கையில் முதன்முதலாகச் சுட்டு வீழ்த்தியது அதைத்தான்.

இந்த அனுமதி கிடைக்க இரண்டே தகுதிகள் போதுமாக இருந்தன. உரிமம் உள்ள துப்பாக்கி வேண்டும், உயிரோடு இருக்க வேண்டும். துப்பாக்கி அப்பா விட்டுப்போனது. இரண்டாவது தகுதியை நான் எப்படியோ சமாளித்துக்கொண்டிருக்கிறேன். சுடத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆறுமுகத்தின் மகன் என்றால் அது ரத்தத்திலேயே வந்திருக்கும் என்று கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே எல்லோரும் நினைக்கிறார்கள். ரத்தத்தில் வந்தது என்ன என்பது எனக்குத்தான் தெரியும்.

அப்பா வேட்டைக்காரர். தென்மலை அடிவாரத்தில் எங்களுக்கு ஒரு கிழங்குக் காடும் கொஞ்சம் கடலைக் காடும் இருந்தன. காடு என்றால் எங்கள் பேச்சில் விளைநிலம். பன்றிகளும் அந்தச் சொல்லை அதன் பழைய பொருளில் எடுத்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கிவரும். சுடக்கூடாது என்று அப்போதே சட்டம் இருந்தது. ஆனால் சட்டம் திருவனந்தபுரத்தில் இருந்தது, பன்றி எங்கள் காட்டில் இருந்தது. அப்பா இரண்டில் பக்கத்தில் இருந்ததைக் கவனித்துக்கொண்டார். சுட்டதைவிடச் சொன்னது அதிகம். "பன்னி நம்மளப் பத்துத்தடவ பாத்துச் சலிச்சப்புறந்தானுங்க, நாம அத ஒருக்கா பாக்கறம்" என்பார். "வேட்டைக்குப் போறவனுக்குக் கண்ணு நல்லா இருக்கோணும்னு எவன் சொன்னான்? வாய் நல்லா இருந்தாப் போதும்" என்பார். சாயாக்கடையில் அவர் உட்கார்ந்தால் சாயா ஆறிப்போகும்வரை ஒருவரும் குடிக்கமாட்டார்கள்.

அப்பாவுக்கு எல்லா வேட்டைக்கும் ஒரே துணை, குட்டன். மலையாளி, கடைவீதியில் தையல்காரர். அப்பாவைவிடப் பத்து வயது இளையவர், 'ஏட்டா' என்று அண்ணனாகத்தான் கூப்பிடுவார். என்னுடைய அரைக்கால் சட்டைகள் எல்லாம் அவர் தைத்தவைதான். அளவெடுக்கும்போது இடுப்பில் கிள்ளிவிட்டு, "இதில் இறைச்சி இல்லல்லோ ஆறுமுகேட்டா, ஒரு பங்கு கூட்டி வைக்கணும்" என்று அப்பாவைப் பார்த்துச் சிரிப்பார். மெல்லிய, நீளமான விரல்கள். ஊசியில் நூல் கோக்கும்போது ஊசியைப் பார்க்கவே மாட்டார், நம்மோடு பேசிக்கொண்டிருப்பார்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நடந்தது எல்லாம் அதனால்தான். மலையாளத்தில் 'வெடி வைப்பது' என்றால் துப்பாக்கியால் சுடுவது. தமிழில் வெடி வைப்பது என்றால் வெடிமருந்தை ஓரிடத்தில் வைத்துவிட்டு விலகிப்போவது. முன்னதில் காரியம் முடிந்துவிட்டது. பின்னதில் இனிமேல்தான் இருக்கிறது. இரண்டு மொழியையும் ஒரே வாயில் போட்டு மென்றுகொண்டிருந்த எங்கள் எல்லையோர ஊரில் இதை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. பன்றி தெரிந்ததும் புதருக்குள்ளிருந்து குட்டன், "வெடி வெக்கு ஏட்டா, வெடி வெக்கு" என்று கிசுகிசுப்பார், அப்பா சுடுவார். சாயாக்கடையில் அப்பா கதை அளப்பதற்கும் குட்டன் வைத்த பெயர் வெடிதான். அப்பாவிடம் துப்பாக்கி வெடி ஒன்று, வாய் வெடி ஒன்று, இரண்டாவது குறி தப்பியதே இல்லை என்பார்.

இன்னொன்றும் உண்டு. பன்றி குண்டடிபட்டு விழுந்தால் அதன்மேல் முதலில் கை வைக்கிறவனுக்கு ஒரு பின்னந்தொடை. சுட்டவன் யாராக இருந்தாலும் சரி. சத்தம் கேட்டதும் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தவன், சாணி அள்ளிக்கொண்டிருந்தவன் எல்லோரும் ஓடுவார்கள். எப்போதும் முதலில் போய்ச் சேர்வது குட்டன். தையல் மிஷினை மிதித்து மிதித்துக் கால் அப்படி ஆகிவிட்டது என்பது அப்பாவின் விளக்கம்.

எனக்குப் பத்து வயதான அந்த ஐப்பசியில், தீபாவளிக்கு முன், குட்டன் மனைவியின் ஊரான நெம்மாறைக்குப் போயிருந்தார். என் தீபாவளிச் சட்டையை வெட்டித் தைத்து, "கை மட்டும் வெக்கணும், வந்து வெச்சுத் தராம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனபின் அப்பாவின் துப்பாக்கியில் ஸ்பிரிங் ஒடிந்தது. அதைச் சாக்கில் சுற்றிக் கோயமுத்தூருக்குப் பழுதுபார்க்க அனுப்பினார்கள். பன்றிகளுக்கு எப்படியோ சேதி தெரிந்துவிட்டது. குடும்பத்தோடு வந்து, குச்சிக்கிழங்குக் காட்டைப் பாதிக்குமேல் உழுதுவிட்டுப் போயின. அப்பாவின் கேலி நின்றுபோனது. கோவிந்தாபுரத்துக்கு அந்தப் பக்கம் போனவர், திரும்பும்போது ஒரு தூக்குப்போசியை யாரையும் தொடவிடாமல் கொண்டுவந்தார். உள்ளே 'அவுட்டுக்காய்'. ஆட்டுக்குடல் சுற்றிய வெடிமருந்து உருண்டை. பன்றி கடித்தால் வாய் சிதறும். அதுவரை அப்பா அதைத் தொட்டதில்லை. அது வேட்டையில் சேர்த்தியில்லை, திருட்டு வேலை என்று ஏசுவார். அன்று அவரே போய் வரப்போரம் வைத்துவிட்டு வந்தார்.

காலையில் சாயாக்கடைக்குப் போய் எல்லோருக்கும் கேட்கும்படி எச்சரித்ததையும் சொல்ல வேண்டும். "கெழங்குக் காட்டுல வெடி வெச்சிருக்குதுங்க. ஆரும் ஆடு மாடு ஓட்டீராதீங்க, கொழந்தைகள அந்தப்பக்கம் உட்டராதீங்க." அங்கிருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. அங்கில்லாத ஒருவர் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்.

சாயாக்கடைக்காரர் குட்டனைக் கண்டதும் சொன்னது ஒரே வாக்கியம்: "உங்க ஏட்டன் கெழங்குக் காட்டுல வெடி வெச்சிருக்குது, தெரியுமா?"

குட்டனுக்குத் துப்பாக்கி ஒடிந்தது தெரியாது. அப்பா பெயரோடு வெடி என்றால் அவர் காதுக்கு ஒரே பொருள்தான். "என்னெ கூட்டாம வெடி வெச்சோ!" என்று பையைப் பெஞ்சில் எறிந்துவிட்டு ஓட்டமெடுத்தார். "அய்யோ, அங்க போகாதய்யா! போகாத!" என்று சாயாக்கடைக்காரர் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினார். குட்டன் திரும்பிப் பார்த்துச் சிரித்தாராம். "தொடை நினக்கு வேணும் அல்லே! கிட்டூலா!" என்று சொல்லிவிட்டு இன்னும் வேகமாக ஓடினாராம்.

எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஒரே ஒரு 'டொம்'. சுவரில் மாட்டியிருந்த முறம் ஆடியது. அம்மா வாசலுக்கு வந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "பன்னி கடிச்சுப்போட்டுதாட்ட இருக்குது" என்று சிரித்தாள். பல நாளாக வீட்டில் கேட்காத சிரிப்பு அது. உடனே அடுப்பில் சட்டியை ஏற்றி மல்லியையும் மிளகையும் வறுக்க ஆரம்பித்தாள். பன்றிக்கறிக்கு அம்மா எப்போதும் மிளகைத் தூக்கலாகப் போடுவாள். வீடெல்லாம் அந்த வாசம். என்னைத் தேங்காய் உரிக்கச் சொன்னாள். அம்மியில் பாதி அரைத்துக்கொண்டிருக்கும்போதுதான் கூச்சல் கேட்டது. அது மகிழ்ச்சிக் கூச்சல் என்று நினைத்து அம்மா இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தாள்.

குட்டன் வரப்பில் பன்றியைத் தேடியிருக்கிறார். பன்றி இல்லை. ஈ மொய்த்த குடல் மட்டும் சுருண்டு கிடந்தது. குண்டடிபட்ட பன்றி குடல் சரிந்து ஓடும்; குடல் சூடாக இருந்தால் பன்றி பக்கத்தில் இருக்கிறது, ஆறியிருந்தால் தூரம் போய்விட்டது. வேட்டைக்காரர்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தார்.

அப்பா அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவந்ததை நான் பார்த்தேன். அப்பாவின் முதுகு முழுக்கச் சிவப்பு. வலது கையை வேட்டியில் சுற்றியிருந்தார்கள். அந்தச் சுருட்டலுக்குள் ஒரு கைக்கு வேண்டிய அளவு இல்லை என்பது எனக்கே தெரிந்தது. எஸ்டேட் ஜீப் ஒன்றை மறித்து ஏற்றினார்கள். ஜீப்பில் கூடப்போன சாயாக்கடைக்காரர் பின்னால் சொன்னது இது. பாதி வழியில் குட்டன் கண் திறந்து, "ஏட்டா, பன்னி வீணோ?" என்று கேட்டாராம்; விழுந்ததா என்று. எதற்கும் பதில் வைத்திருக்கிற அப்பா, "உழுந்துருச்சு குட்டா" என்றாராம்.

"எங்கில் தொடை எனிக்கா. ஆத்யம் கை வெச்சது ஞானா" என்றாராம் குட்டன்; முதலில் கை வைத்தது அவராம்.

கட்டைவிரலும் அடுத்த இரண்டும் போயின. மிச்சம் இருந்த இரண்டு விரல்களால் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்தபோது, தீபாவளிப் படக்கம் கையில் வெடித்தது என்றார் குட்டன். இத்தனை வயதில் கையில் வைத்தா வெடிப்பாய் என்று கேட்டதற்கு, "பிள்ளேருடெ முன்னில் ஆளாவான் நோக்கியதா சாறே", பிள்ளைகள் முன்னால் பெரிய ஆளாகப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டார். வராந்தாவில் நின்றிருந்த அப்பாவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கு நல்லதாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அம்மியில் கிடந்த மசாலாவை அம்மா சாயங்காலம் கழுவி ஊற்றினாள். அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பட்டாசு இல்லை. குட்டனின் மனைவி என் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்; வெட்டிய இரண்டு கைகளும் தனியாக மடித்து அதன்மேல் வைக்கப்பட்டிருந்தன. அம்மா அதைத் தைக்கவுமில்லை, தூக்கிப்போடவுமில்லை. குட்டன் வீடு திரும்பியதும் அப்பா எங்கிருந்தோ ஒரு பன்றித் தொடையை வாங்கிக்கொண்டுபோய் அவர் வீட்டில் கொடுத்தார். அன்றைக்கு விழுந்ததன் பங்கு, உப்புப் போட்டு வைத்திருந்தது என்று சொல்லியிருக்கிறார்.

கோயமுத்தூரிலிருந்து துப்பாக்கி சரியாகி வந்துசேர்ந்தது. அப்பா அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதற்கப்புறம் இருபத்தைந்து வருஷத்துக்குமேல் உயிரோடு இருந்தார். உரிமத்தைத் தவறாமல் புதுப்பித்தார். யார் வேட்டைக்குக் கூப்பிட்டாலும், பன்றி புகுந்துவிட்டது என்று யார் வந்து அழுதாலும், "துப்பாக்கி ரிப்பேருங்க" என்பார். வேறு பேச்சில்லை. ஒரு வேட்டைக் கதையும் அதன்பின் அவர் வாயிலிருந்து வரவில்லை. சாயாக்கடையில் அவர் தன் சாயாவைச் சூடாகவே குடித்துவிட்டு எழுந்துபோனார்.

ஊர் மட்டும் ஒன்றைக் கற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாராவது 'வெடி வெச்சிருக்கு' என்றால், கேட்பவர் அப்படியே நின்று, "எந்த வெடி? துப்பாக்கி வெடியா, குட்டன் வெடியா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைப்பார். வெகுகாலம் அது வழக்கத்தில் இருந்தது. குட்டன் என்பது ஓர் ஆளின் பெயர் என்று தெரியாமல், அது ஒரு ரகப் பட்டாசு என்று நினைத்து வளர்ந்த பிள்ளைகள் உண்டு. இப்போது அந்தக் கேள்வியையும் யாரும் கேட்பதில்லை. கிழங்குக் காடு மனையாகப் பிரிந்து மதில் கட்டிக் கிடக்கிறது. சாயாக்கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். மிச்சமிருப்பவை பன்றிகள், முன்னைவிட அதிகம். சுட்ட பன்றியை மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்கவேண்டும் என்பது இப்போதைய ஏற்பாடு. முதலில் கை வைத்தவனுக்கு ஒன்றும் கிடையாது.

குட்டன் கோவிந்தாபுரம் சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் லாட்டரிச் சீட்டு விற்கிறார். தமிழ்நாட்டு வண்டிகள் நின்று வாங்கிப்போகும் இடம். எழுபது தாண்டிவிட்டது. மிச்சமுள்ள இரண்டு விரல்களுக்கு நடுவே சீட்டைக் கவ்விக் கிழித்துக் கொடுக்கும் வேகத்தைப் பார்த்தால் அந்தக் கை பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று தோன்றும். ஒரு தடவை அந்தத் தொடையைப் பற்றி அவரிடம் கேட்டிருக்கிறேன். "வீட்டுப் பன்னியாக்கும். கொழுப்பு கண்டப்பவே தெரிஞ்சுது. உன்றெ அச்சன்றெ மூஞ்சி பார்த்தேன், பேசாம தின்னேன்" என்றார்.

தொட்டியைச் சுட்ட மறுநாள் அந்த வழியாகப் போனேன். ஊர் முழுக்கச் சிரித்து முடித்திருந்தது; அவருக்கும் சேதி எட்டியிருந்தது. நானே முந்திக்கொண்டு, பனி, வெளிச்சம் போதவில்லை, அப்பாவின் துப்பாக்கி வலப்பக்கம் இழுக்கிறது என்று ஏதேதோ சொன்னேன். ஒரு லாரிக்காரருக்குச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். பிறகு என்னை மேலும் கீழும், அளவெடுப்பதுபோல, ஒருமுறை பார்த்தார்.

"உன்றெ அச்சன் வெடி வெச்சப்போ ஆளு மேலெ பட்டுது. நீ வெடி வெச்சப்போ தொட்டி மேலெ பட்டுது. பரவால்லடா மோனே, உன்றெ மகன் காலத்துலயாச்சும் பன்னி மேலெ படும்."