அணைந்துபோகும் ஹைட்சுங்

மூன்று நாட்களாக அம்மா அந்த ஹைட்சுங்கை மூதேவி என்றுதான் திட்டிக்கொண்டிருந்தார். ஷ்லீரன் என்ற ஊரில் நாங்கள் வாடகைக்கு இருந்த பழைய வீட்டின் நிலக்கீழ் அறையில், வீடு முழுவதையும் சூடாக்குவதற்கென்று நின்ற கேஸ் இயந்திரம் அது. பொத்தானை அழுத்தினால் டப்பென்று பற்றும். நீலச் சுவாலை அழகாக எரியும். அறைக் கதவைச் சாத்திவிட்டு மேலே வந்து ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அணைந்துவிடும். அப்பா இறங்குவார், அழுத்துவார், ஏறுவார். பிறகு நான் இறங்குவேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. கையுறையோடு வீட்டுப்பாடம் எழுதி எழுதி எழுத்தெல்லாம் கோணிப்போயிற்று.

திருத்துகிற ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடப் பயம். முந்திய மாதம் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்திருந்தது. வீட்டில் டொய்ச் மொழி தெரிந்தது எனக்கு மட்டும்தான் என்பதால் வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வது என் வேலை. அம்மா கறித்தூளுக்கு மிளகாய் வறுத்த மணத்தில் பக்கத்து வீட்டு மனுசி இருமி இருமிப் போய் முறைப்பாடு செய்திருந்தார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டை விட்டு எழும்ப வேண்டும் என்று அதில் இருந்தது. கடைத்தூளில் கறி வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். அதை என் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அவர் மின்னடுப்பை நிலக்கீழ் அறைக்கு இறக்கினார். அங்கே சுவரில், வெளிப்பக்கம் பார்த்தபடி, கம்பிவலை போட்ட ஓட்டை ஒன்று இருந்தது. மணம் அதன் வழியே வெளியே போய்விடும் என்று ஒரு பழைய போர்வையைச் சுருட்டி இறுக்கிச் செருகினார். அவர் ஏறி நின்ற கதிரையைப் பிடித்தது நான்தான். அடுத்த நாளே இயந்திரம் அணையத் தொடங்கியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பாடன் என்ற ஊரிலிருந்து மாமா வந்தார். தொழிற்சாலையில் வேலை. அதனால் உலகத்து இயந்திரங்கள் எல்லாம் தன் சொந்தக்காரர் என்ற நினைப்பு அவருக்கு. மூடியைக் கழற்றினார், தண்ணீர் அழுத்தம் பார்த்தார், சுவாலைக்குள் நீட்டிக்கொண்டிருந்த சின்னக் கம்பியை உப்புத்தாள் போட்டு உரஞ்சினார்.

"இனி அணையாது. அணைஞ்சால் என்ரை பேரை மாத்துறன்."

கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் எல்லோரும் அதையே பார்த்தபடி நின்றோம். அது அணையவில்லை. கதவைச் சாத்திவிட்டு மேலே வந்து, மாமா இரண்டாவது தோசைக்குக் கை நீட்டியபோது வீடு மறுபடி குளிரத் தொடங்கியிருந்தது. மாமாவுக்குத் திடீரென்று ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. "வீடு போனாலும் போகட்டும், ஆளைக் கூப்பிடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு அப்பா வேலைக்குப் போய்விட்டார். நான் தொலைபேசி எடுத்தேன்.

திருத்துகிறவர் வந்தபோது அம்மா முழுகி, சாமி படத்துக்கு விளக்கு வைத்துவிட்டு நின்றார். மின்னடுப்பை உடுப்புக் கூடைக்குள் ஒளித்திருந்தார். போர்வையை மறந்துவிட்டார். வந்தவர் நரைத்த மீசைக்காரர், அவசரப்படாத மனிதர். கதவைச் சாத்திவிட்டு எங்களோடு உள்ளே நின்றார். கொஞ்ச நேரத்தில் இயந்திரம் அணைந்தது. கதவைத் திறந்து பற்றவைத்தார், எரிந்தது. பிறகு சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேரே போய்ப் போர்வையை இழுத்தார். மிளகாய்த் தூசு பறந்து நாலைந்து தரம் தும்மினார். அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"வீட்டுக்காரருக்கு எழுதுவாரோ எண்டு கேள் பிள்ளை."

கேட்டேன். அவர் போர்வையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். காய்ந்த இலைகள் அடைத்திருந்தன என்று எழுதுவதாகச் சொன்னார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் விடவில்லை. என் உயரத்துக்குக் குந்தியிருந்து டொய்ச்சில் நிதானமாகக் கதைத்தார். அந்த ஓட்டை, இயந்திரம் மூச்சு விடுவதற்கு. காற்று இல்லாமல் எரிந்தால் மணமே இல்லாத ஒரு நஞ்சு வரும். இந்த இயந்திரம் அதை அறிந்து தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறது. பழைய வகையாக இருந்திருந்தால் விடிய விடிய எரிந்திருக்கும், காலையில் நீங்கள் ஒருவரும் எழும்பியிருக்க மாட்டீர்கள். இதை அம்மாவிடம் ஒரு சொல் விடாமல் சொல்.

வெள்ளிக்கிழமை. விளக்கு எரிகிறது. எங்கள் வீட்டில் வாசலில் நின்று "போறன்" என்றாலே, "போட்டு வாறன் எண்டு சொல்லு" என்று திருத்துவார்கள். முந்திய நாள்தான் குளிரில் சாகப்போகிறேன் என்று சொல்லி வாயில் ஒன்று வாங்கியிருந்தேன்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"வீட்டுக்காரருக்குச் சொல்ல மாட்டாராம்."

"இவ்வளவு நேரம் கதைச்சார், அவ்வளவுதானோ?"

"மெஷின் நல்ல மெஷினாம், அம்மா."

சொல்லிவிட்டாயா என்று மீசைக்காரர் கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். அம்மா அவருக்கு வடை கட்டிக் கொடுத்தார்.

போர்வை இருந்தால் இயந்திரம் அணையும் என்பதை மட்டும் கண்ணால் கண்டிருந்த அம்மா, அந்த மாரிக்குளிர் முழுவதும் தூள் வறுக்கிற நாளில் போர்வையைச் செருகினார், வறுத்து முடித்ததும் எடுத்தார். இரண்டு தடவை எடுக்க மறந்து படுத்துவிட்டார். அந்த இரண்டு காலையிலும் நாங்கள் நாலு பேரும் விறைத்துப்போய் எழுந்து, மாறி மாறி அந்த இயந்திரத்தைத் திட்டினோம். எல்லோரையும் விடக் கூடுதலாகத் திட்டியது நான்தான்.