எண்ணூறும் ஒரு மேடும்

கண்ணை மூடிக்கொண்டு, சுட்டுவிரலால் கார்பரேட்டரின் சின்ன நெம்புகோலை இழுத்து இழுத்து விடுகிறார். இன்ஜின் உறுமுகிறது, அடங்குகிறது, மறுபடி உறுமுகிறது. பாதி உடம்பு பானெட்டுக்குள் போய்விட்டது. வெளியே தெரிவது முழங்காலில் வெளுத்த காக்கிப் பேன்ட்டும், ஒரு கால் விரலில் தொங்கும் செருப்பும்தான். காரின் சொந்தக்காரர் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "நான் ஆக்சிலேட்டரை மிதிக்கட்டுமா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறார்.

"வேணாம் சார், நீங்க சும்மா உக்காந்திருங்க. கால் பொய் சொல்லும். விரல் சொல்லாது."

தெருவில் இவருக்கு 'எண்ணூறு அண்ணன்' என்று பெயர். எண்ணூறு சிசி இன்ஜின் பொருத்திய பழைய சின்னக் கார்கள் மீது அவருக்கு அப்படி ஒரு பாசம். சொந்தமாக வைத்திருப்பதும் அதுதான். இருபத்தெட்டு வயதான, சாம்பல் நிறக் கார். பத்து வருடமாக என் காரும் அவர் பட்டறையில்தான் போய்ப் படுக்கிறது. வண்டி இழுக்கவில்லை, பெரிய இன்ஜினாக மாற்றிவிடலாமா என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், கையிலிருக்கும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"தாராளமா மாத்தலாம் சார். ஆனா பெரிய இன்ஜின் உள்ள வந்ததும் கியர்பாக்ஸ் 'அப்ப எனக்கு?'ன்னு கேக்கும். ரேடியேட்டர் கேக்கும், பிரேக் கேக்கும், ஸ்பிரிங் கேக்கும். எல்லாத்தையும் சமாதானப்படுத்தி முடிச்சா, பழைய வண்டில மிச்சம் இருக்கிறது ஹாரன் மட்டும்தான்."

நானும் ஒருமுறை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான்.

எந்த இன்ஜினைப் பிரித்தாலும் அவர் முன்னால் மூன்று பிஸ்கட் டப்பாக்கள் இருக்கும். ஒன்றில் வாங்கியே தீர வேண்டியவை, ஒன்றில் கழுவினால் போதும் என்பவை, மூன்றாவதில் அவர் இன்னும் முடிவு செய்யாதவை. இந்த மூன்றாவது டப்பாவுடன்தான் அவருடைய வாழ்க்கை கழிகிறது. ஒரு சின்ன வாஷரைக் கையில் வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், டப்பாவில் போடுவார், மறுபடி எடுப்பார். வாடிக்கையாளர் பொறுமை இழந்து "புதுசே போட்டுடுங்கண்ணே" என்றால், அவருக்கு முகம் வாடிவிடும்.

பட்டறையின் ஜன்னலோரம் அவர் மனைவியின் தையல் இயந்திரம். கார் சீட்டுகளுக்கு உறை தைப்பவர் அவர். கால் விரிப்புகளுக்கு ஓரம் அடித்துத் தருவதும் அவர்தான். இந்தப் பக்கம் சுத்தியல், அந்தப் பக்கம் தையல். இரண்டு சத்தத்துக்கும் நடுவே இருவரும் பேசிக்கொள்வதே இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், அண்ணன் எதையாவது தேட ஆரம்பித்தால் இந்தப் பக்கம் திரும்பாமலே "அலமாரி மேல, நீலத் துணிக்குக் கீழ" என்று பதில் வந்துவிடும்.

இவர்களுடைய ஒரே மகள் கல்யாணமாகி மேட்டுத் தெருவின் உச்சியில் குடியிருக்கிறாள். ஞாயிறு தவறாமல் இருவரும் போவார்கள். பாதி ஏற்றத்தில் ஒரு வளைவு. அங்கே வந்ததும் சாம்பல் கார் திணறும். அந்த அம்மா கதவைத் திறந்து இறங்கிக்கொள்வார். எடை குறைந்த வண்டி முக்கி முனகி மேலே ஏறிப் போய் நிற்கும். அந்த அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்து, "உங்க வண்டிய விட நானே தேவலை" என்பார். ஆறு வருடம் இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

போன வருடம் அந்த அம்மாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. ஏற்றத்தில் நடக்கவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நாலு மாதமாக மேட்டுத் தெரு இல்லை. ஒரு தடவை வாடகைக் காரில் போய் வந்தார்கள். திரும்பி வந்ததிலிருந்து அந்த அம்மாவுக்கு மனசே சரியில்லை.

"வாடகைக் கார்ல போய் இறங்கினா, மக வாசல்லயே நின்னு 'வாங்க, வாங்க'ங்கறா. நான் என்ன விருந்தாளியா? இனிமே நம்ம வண்டில போனாத்தான் போவேன்."

மாப்பிள்ளை நல்ல பையன். விஷயம் தெரிந்ததும் எங்கேயோ விசாரித்து, மோதி நொறுங்கிய ஒரு காரிலிருந்து கழற்றிய இன்ஜினுக்குச் சொல்லி வைத்தான். "மாமா, ஆயிரத்து முந்நூறு சிசி. புதுசு மாதிரி இருக்கு. மேடெல்லாம் பறக்கும்." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லியும் விட்டேன். அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் தன் காரின் இன்ஜினையே இறக்கி மேசைமேல் வைத்தார். தேய்ந்த சிலிண்டர்களை மட்டும் லேத் பட்டறையில் கொடுத்துத் துளி பெரிதாகக் கடைந்து வாங்கினார். அதற்குத் தகுந்த பிஸ்டனும் ரிங்கும் புதிது. மற்றதெல்லாம் கழுவும் டப்பாவில். வால்வுகளை ஒவ்வொன்றாகப் பசை தடவி, உள்ளங்கைகளுக்கு நடுவே குச்சியை உருட்டி உருட்டி, தானே அரைத்து உட்கார வைத்தார். வாடிக்கையாளர் வேலை முடிந்த பிற்பகல்களில் ஒரு மாதம் ஓடியது. மூன்றாவது டப்பாவை மட்டும் இந்தத் தடவை சீக்கிரமே காலி செய்துவிட்டார். சந்தேகப்பட்டதையெல்லாம் புதிதாகவே வாங்கினார். மனைவிக்கென்று வந்தபோது அந்தக் கருமி காணாமல் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

"சிலிண்டரைக் கடைஞ்சதுல இதுவும் கொஞ்சம் பெரிசாயிருக்கு சார். எண்ணூத்திப் பத்து இருக்கும். மாப்பிள்ளை கேட்ட பெரிய இன்ஜின் இதான்னு சொல்லிடுங்க."

புது ரிங் பழகட்டும் என்று மூன்று வாரம் சமதரையிலேயே ஓட்டினார். அப்புறம் ஒரு மத்தியானம் ஒத்திகைக்கு என்னைக் கூப்பிட்டார். மனைவியின் எடைக்கு ஒரு மணல்மூட்டை கட்டி முன் சீட்டில் உட்கார வைத்து, அதற்கு சீட் பெல்ட்டும் மாட்டியிருந்தார். "நீங்க பின்னாடி ஏறுங்க சார். அவ மக வீட்டுக்கு எடுத்துட்டு வர்ற பையெல்லாம் சேர்த்தா உங்க எடை வரும்." ஜன்னலோரத்திலிருந்து அந்த அம்மா மூட்டையைப் பார்த்துவிட்டு, "நான் அவ்ளோ குண்டாவா இருக்கேன்?" என்றார்.

இன்ஜின் பட்டு மாதிரி ஓடியது. புகை இல்லை, தட்டல் இல்லை. ஏற்றம் தொடங்கியதும் முதல் கியர் போட்டு மிதித்தார். வளைவு வந்தது. வண்டிக்கு மூச்சு முட்டியது, குலுங்கியது, நின்றுவிட்டது. இன்னொரு முறை முயன்றோம். அதே இடம்.

கைபிரேக்கை இழுத்துவிட்டு அவர் பக்கத்துச் சீட்டைப் பார்த்தார். இந்த இடத்தில் எப்போதும் அந்தக் கதவு திறக்கும். மூட்டை பேசாமல் உட்கார்ந்திருந்தது.

பட்டறைக்குத் திரும்பி வெகுநேரம் கை கழுவினார். அழுக்கே இல்லாத கையை அத்தனை நேரம் கழுவி நான் பார்த்ததில்லை. பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "சார், மாப்பிள்ளைக்கு ஒரு போன் போட்டுக் குடுங்க. அந்த ஆயிரத்து முந்நூறையே வெச்சுக்கறேன்னு சொல்லிடறேன். அவ போய் வந்தாப் போதும்." முதலிலிருந்தே ஆயிரத்து முந்நூறின் கட்சியில் இருந்தவன் நான். ஜெயித்த சந்தோஷம் வரவில்லை.

தையல் இயந்திரம் நின்றது.

"ஏங்க, அந்த ரப்பரை எடுத்துட்டீங்களா?"

"எந்த ரப்பர்?"

"நம்ம பொண்ணு என் வயித்துல இருந்தப்ப, வண்டி தூக்கிப் போடுது, மெதுவாப் போங்கன்னு தினம் சொல்லிட்டே இருப்பேன். ஒருநாள் ஆக்சிலேட்டருக்குக் கீழ ஏதோ ரப்பரை வெட்டி வெச்சு ஒட்டினீங்களே. 'இனிமே நானே நெனச்சாலும் வேகமாப் போக முடியாது, போதுமா'ன்னு கேட்டீங்க."

அண்ணன் ஈரக் கையோடு வண்டியிடம் போனார். கதவைத் திறந்து, தரையில் முழங்காலிட்டு, மனைவி ஓரம் தைத்துக் கொடுத்த விரிப்பைத் தூக்கினார். இருந்தது. இரண்டு விரல் கனத்தில், கல்லாக இறுகிப்போய்.

இருபத்தாறு வருடம் அதை அவர் கண்டுபிடிக்காததற்கு அவருடைய விரல்தான் காரணம். சோதிப்பதெல்லாம் பானெட்டுக்குள் தலையை விட்டு, கார்பரேட்டரை விரலால் இழுத்துத்தானே? அங்கே இழுத்தால் கார்பரேட்டர் முழுசாகத் திறக்கும். காலால் மிதித்தால் பாதிதான். சமதரை ஊருக்குள் பாதியே தாராளம். மேட்டில் அவர் காலை அழுத்தி அழுத்தி மிதித்தபோதெல்லாம், அந்த ரப்பரையே தரை என்று நம்பியிருக்கிறது அந்தக் கால்.

உளி வைத்துப் பெயர்த்து எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"ஆறு வருஷமா உன்ன அந்த மேட்டுல நடக்க வெச்சிருக்கேன். கால் பொய் சொல்லும்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு..."

"கால் ஒண்ணும் பொய் சொல்லல. நான் சொன்னதைக் கேட்டுட்டு இருந்திருக்கு. இங்க குடுங்க அத." வாங்கி, ஊசிகளும் பாபின்களும் கிடக்கும் இழுப்பறையில் போட்டு மூடினார். இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அந்த ஞாயிறு என்னையும் வரச் சொன்னார்கள். மூட்டை இருந்த இடத்தில் அந்த அம்மா, மடியில் ஊன்றுகோல். பின் சீட்டில் நான், என்னைச் சுற்றி நிஜமாகவே அத்தனை பைகள். ஏற்றம் ஆரம்பித்தது. அண்ணன் மிதித்தார், இன்ஜின் அவர் விரலுக்கு மட்டுமே இதுவரை கொடுத்த குரலில் உறுமியது. கைப்பிடிச் சுவர் பின்னால் நகர்ந்தது. வளைவு வந்தது.

வண்டி திணறவில்லை. ஆனாலும் பழக்க தோஷம், அந்த அம்மாவின் கை தானாகப் போய்க் கதவின் கைப்பிடியைப் பிடித்தது.

அண்ணன் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு கையை அவருக்குக் குறுக்கே நீட்டி, கதவின் பூட்டுக் குமிழை அழுத்தினார்.